ஒரு விரலில் மூடும் கதவு

கார் கதவை ஓங்கிச் சாத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சாலையோரம் நிற்கும்போது யாராவது டாக்சியிலிருந்து இறங்கிப் படாரென்று கதவை அடித்தால், தன் கன்னத்தில் விழுந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். "கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று முணுமுணுப்பார். கம்பெனியில் இருந்த காலம் முழுக்க அவர் பார்த்தது அந்த ஒரே வேலைதான். காருக்குக் கதவு மாட்டுவது. அதனால் அவருக்குக் கதவுக்காரர் என்று பெயர் வந்தது. கம்பெனி போய்விட்டது, பெயர் போகவில்லை. மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். "கதவுக்காரரே, ஊர்க் கதவெல்லாம் நல்லாத்தான் மூடுது. நம்ம குளியலறைக் கதவை என்னைக்குப் பாக்கறதா உத்தேசம்?"

கம்பெனி செய்தது ஒரே ஒரு மாதிரி கார். முதுகு வளைந்து, முன்பக்கம் சிறுத்து இருந்ததால் ஜனங்கள் அதை ஆமை என்றார்கள். விளம்பரத்தில் அதற்குக் கம்பீரமாக வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை விளம்பரம் எழுதியவரைத் தவிர வேறு யாரும் வாயால் சொன்னதில்லை.

வெறும் கூடாக வரும் ஆமைகளுக்கு இடது பக்கக் கதவு மாட்டுவது அவர் பங்கு. கதவுக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, கீல் ஓட்டைகளை நேராக்கி, பின்னை இறக்கி, ரப்பர் சுத்தியலால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. முடிந்ததும் சுண்டுவிரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். கதவு தானாகப் போய் 'டப்' என்று உட்கார வேண்டும். ஒரே 'டப்'. இரண்டாவதாக ஒரு சத்தம் வந்தால் கழற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டவர் அண்ணன். அண்ணனுக்குக் கடைசி மேடையில் வேலை. முடிந்த வண்டியை முதன்முதலாக உயிர்ப்பித்து, வெளி மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறவர். தம்பி மாட்டிய கதவை முதலில் சாத்திப் பார்ப்பதும் அவர்தான். சாத்திவிட்டுத் தூரத்தில் நிற்கும் தம்பியைப் பார்த்துச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுவார். ஒரு விரலில் மூடுதுடா என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, "அந்தப் பக்கம் போகணுங்க, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி" என்று மரியாதையாக வழி காட்டுவார்கள். அண்ணனும் தம்பியும் அதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டிபன் அடுக்கில்தான் சாப்பாடு வரும். அண்ணி கொடுத்தனுப்புவார். மேல் தட்டு தம்பிக்கு.

பிறகு அண்ணன் சூப்பர்வைசர் ஆனார். அதுதான் வினையாகப் போயிற்று.

கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஆளும் வெளியே போகாது, வண்டியும் வெளியே போகாது என்று முடிவு. ஒரு நாள் டீ குடிக்க வாசல் பக்கம் வந்தவர்கள் திரும்பிப் போனபோது கதவுப் பிரிவின் ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டிய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் அண்ணன்.

"யார் சொன்னா என்ன, நீங்க பூட்டலாமாண்ணே?" என்று கேட்டார் கதவுக்காரர்.

"நான் பூட்டலைன்னா வேற ஒருத்தன் பூட்டப் போறான். அவன் உங்க சாமானையெல்லாம் உள்ள வெச்சுப் பூட்டுவான். நான் எடுத்து வெளிய வெச்சிருக்கேன், பாரு."

சுவரோரம் எல்லோருடைய கருவிப் பெட்டிகளும் வரிசையாக இருந்தன. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கதவுக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னையோட எனக்கு அண்ணன் கிடையாது" என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்ன பிறகு அன்று மாலையே போய்த் திரும்ப எடுத்திருக்கலாம். ஆனால் கைதட்டல் வாங்கிய வார்த்தையை எப்படித் திருப்பி எடுப்பது? அண்ணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். கதவுக்காரர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் நடந்தார். அண்ணன் எடுத்து வைத்த பெட்டி என்பது அப்போது மனதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னென்னவோ கதவுகளை மாட்டினார். பஸ் கதவு, பீரோ கதவு, ஐஸ் பெட்டிக் கதவு, ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறைக் கதவுகள். அண்ணன் வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை. அவர் கூப்பிட்டால் போவேன் என்றிருந்தார். அம்மா இறந்தபோது ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள், முகம் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசியாக வெளிவந்த ஆமைகளில் ஒன்றை அண்ணன் வாங்கி வைத்திருக்கிறார் என்று காதில் விழுந்தது. வெளிர் பச்சை. ஒரு முறை சிக்னலில் அது நின்றபோது, கதவுக்காரர் பஸ் ஜன்னலிலிருந்து அண்ணனின் வழுக்கையைப் பார்த்தார். பச்சை விழுந்ததும் பஸ் ஒரு பக்கம் திரும்பியது, ஆமை ஒரு பக்கம் போயிற்று.

கம்பெனி இருந்த இடத்தில் இடித்தது போக மிஞ்சியது வண்ணம் அடிக்கும் ஷெட் ஒன்றுதான். அதில்தான் சங்கம் நடக்கிறது. பழைய தொழிலாளிகள் சிலர், ஆமையை விற்க மனசில்லாதவர்கள் சிலர். செயலாளர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வண்டியில் இருக்கிற கடைசித் திருகு வரை கம்பெனி போட்டதாகவே இருக்க வேண்டும் என்பவர். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில் "இது ஒரிஜினலா?" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் பேர் ஒரிஜினல் என்றே ஆகிவிட்டது. அவர் வாயில் இருக்கிற பல் மட்டும் ஒரிஜினல் இல்லை என்பது சங்கத்தின் பழைய ஜோக்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆமைக்கு உதிரி பாகம் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆகவே பத்து வண்டி ஓட வேண்டுமென்றால் ஒரு வண்டியைப் பிரித்தாக வேண்டும். பிரிக்கிற வண்டிக்குக் கொடை வண்டி என்று பெயர். எதைப் பிரிப்பது என்று கூட்டத்தில் முடிவு செய்வார்கள். பிரிக்கிறவர் கதவுக்காரர். மாதத்தில் பாதி நாள் அவர் அங்கேதான் கிடந்தார்.

அண்ணன் இறந்துபோனார். கதவுக்காரர் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தார். சில மாதம் கழித்து அண்ணி போன் செய்தார்.

"தம்பி, வண்டி சும்மா நிக்குது. விக்க மனசு வரல. உங்க சங்கத்துல எடுத்துக்குவீங்களா?"

"எடுத்துக்கறோம் அண்ணி. ஓட்டத்துலயே வெச்சிருக்கேன். என் பொறுப்பு."

லாரியில் வந்து இறங்கிய வண்டியை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சீட் கிழியவில்லை. விளக்குக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஸ்டியரிங்கில் தோல் உரிந்த இடத்தில் கறுப்பு டேப்பை அண்ணன் நெருக்கமாகச் சுற்றியிருந்தார். அந்தப் பொறுமை வேறு யாருக்கும் வராது. இடது பக்கக் கதவைத் திறந்தார். கதவு கையோடு கீழே இறங்கியது. கீல் பின் தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவமாக அகன்றிருந்தது. தூக்கிப் பிடித்து அடித்தால் ஒழிய மூடவில்லை.

மற்றதையெல்லாம் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தவர், தம்பி கைபட்ட ஒன்றை மட்டும் நாசமாக விட்டிருக்கிறார். கதவுக்காரருக்கு அப்படித்தான் பட்டது. சாகிற வரைக்கும் கோபம் போகவில்லையா உங்களுக்கு?

அந்த நினைப்போடுதான் கூட்டத்துக்குப் போனார். அந்த வருஷம் எதைப் பிரிப்பது என்று பேச்சு. ஒரிஜினல் போய் அண்ணனின் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார், முழங்கை முழுக்கத் துரு.

"அடித்தட்டு போயிடுச்சு. மனுஷன் தினம் தண்ணி ஊத்திக் கழுவியிருக்கார். மேல பளபளன்னு இருக்கு, கீழ சல்லடை. ஆனா எஞ்சின் தங்கம். இதைப் பிரிச்சா நாலு வண்டி நிமிரும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

இது என் அண்ணன் வண்டி, ஓட்டத்தில் வைத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் அன்றைக்குக் கை தட்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அண்ணன் என்ற சொல் வாயில் வரவில்லை. வெட்கம்தானா, அல்லது அந்தத் தொங்கிப்போன கதவா? இரண்டில் எது தன் வாயை அடைத்தது என்று பிற்பாடு அவர் பல தடவை கேட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்தது. அந்த வாரமே வண்டியைப் பிரித்தார். எஞ்சின் நீல வண்டிக்குப் போயிற்று, விளக்குகள் வெள்ளைக்கு, கியர் பெட்டி சிவப்புக்கு. வெற்றுக்கூட்டை இரும்புக் கடைக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார்.

வருஷத்துக்கு ஒரு நாள் சங்கத்து வண்டிகளெல்லாம் வரிசையாக ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். அந்த நாள் நெருங்கும்போது அண்ணி மறுபடியும் போன் செய்தார். "அவரு வண்டியில ஒரு தடவை உக்காந்து ஒரு சுத்து வரணும் தம்பி. கூட்டிட்டுப் போவியா?"

"வாங்க அண்ணி" என்றார் கதவுக்காரர். வேறு என்ன சொல்வது?

மனைவி போன் பேச்சைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். பிரிக்கறப்ப சுத்தியல் எடுத்தீங்கல்ல, சொல்றதுக்கு அதுகூட வேணாம்."

அவர் சொல்லவில்லை. ஷெட்டில் இன்னொரு வெளிர் பச்சை ஆமை இருந்தது. கதவு இல்லாமல், சீட் இல்லாமல் மூலையில் கிடந்தாலும் ஓடுகிற வண்டி. அதை எடுத்துக்கொண்டார். அண்ணனின் சீட்டுகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, அவற்றைப் பொருத்தினார். டேப் சுற்றிய ஸ்டியரிங்கைச் சிவப்பு வண்டிக்காரரிடம் கெஞ்சித் திரும்ப வாங்கினார். அண்ணி எதையெல்லாம் பார்ப்பார், எதைத் தொடுவார் என்று யோசித்து யோசித்துச் செய்தார். கடைசியில் அண்ணனுடைய நம்பர் பலகையைத் திருகும்போது ஒரிஜினல் வந்து நின்றார்.

"இது இந்த வண்டியோடது இல்லையே."

"ஒரு நாளைக்குத்தான் சார்."

ஒரிஜினல் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். "நான் கண்ணாடி போட்டுட்டு வரல" என்று சொல்லிவிட்டு, மூக்கில் கண்ணாடியோடு போய்விட்டார்.

அண்ணி டாக்சியில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். ஷெட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. வெளிர் பச்சை வண்டியை வாசலுக்கு உட்புறமாக நிறுத்தியிருந்தார் கதவுக்காரர். அண்ணி நம்பரைப் பார்த்தார். முன்பக்கத்தைத் தடவினார். குனிந்து உள்ளே கைவிட்டு, ஸ்டியரிங் டேப்பைத் தொட்டார்.

"பொறுமைதான் மனுஷனுக்கு" என்றார். "இதைச் சுத்த ஒரு ஞாயித்துக்கிழமை பூரா எடுத்துக்கிட்டாரு. ரெண்டு தடவை டீ ஆறிப்போச்சு."

கதவுக்காரருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. அண்ணி இடது பக்கம் ஏறி, புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கதவின் கைப்பிடியை அடியிலிருந்து பிடித்து, மேலே தூக்கி, தோளைக் கொடுத்து ஓங்கி அடித்தார்.

ஷெட் முழுக்க அதிர்ந்தது. பின்கண்ணாடி கிடுகிடுத்தது. வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்காரர் அசையாமல் நின்றார். சீட், ஸ்டியரிங், பலகை, எல்லாவற்றையும் யோசித்தவர் கதவைப் பற்றி யோசிக்கவே இல்லை. கிடங்கிலிருந்து ஏதோ ஒரு நல்ல கதவை எடுத்து, கை பழகிய பழக்கத்தில், ஒரு விரலில் மூடுகிற மாதிரி மாட்டி வைத்திருந்தார். அவருக்கு வேறு மாதிரி மாட்டத் தெரியாது.

அண்ணி கதவைத் திறந்தார். மெதுவாக வெளியே தள்ளினார். அது இறங்கவில்லை. விரல் நுனியால் உள்ளே இழுத்தார். 'டப்'. இன்னொரு தடவை திறந்து, இன்னொரு தடவை. 'டப்'.

"தம்பி, எங்க கதவு இப்படி மூடாதே."

"நான்தான் சரி பண்ணேன் அண்ணி" என்றார். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அண்ணியின் முகம் மாறியது. சந்தேகப்படுவார் என்று நினைத்தார். அண்ணி சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"நீயா? உன் கையாலயா பண்ணே?"

"ஆமா அண்ணி."

"பண்ணிட்டியா." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு யாரையும் தொடவிடல தம்பி. மெக்கானிக் எத்தனையோ பேரு கேட்டாங்க. அரை மணி நேர வேலை சார், முடிச்சுத் தரேன்னாங்க. இது என் தம்பி மாட்டின கதவு, அவன் வந்துதான் தொடணும்னு சொல்லிட்டாரு. நான் தூக்கித் தூக்கி அடிச்சு என் தோளே போச்சு. நான் போய்ச் சொல்றேன் தம்பிகிட்டன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். கூடாது, அவனா வருவான், வந்தா கதவைப் பாத்ததும் பெட்டியைத் திறந்துருவான், நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசவே வேண்டியிருக்காதுன்னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் இதைத்தான் தூக்கி மூடினேன். அப்பவும் சிரிச்சாரு. பாரு, இன்னும் வரல பயன்னு."

வெளியே ஒரிஜினல் கையை உயர்த்தினார். முதல் வண்டி கிளம்பியது. பின்னாலிருந்தவர்கள் கதவுக்காரரைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் அண்ணி நிறைந்த மனசோடு வீட்டுக்குப் போவார். அண்ணன் காத்திருந்தது நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டே மிச்ச நாளைக் கழிப்பார். யாருக்கு என்ன நஷ்டம்? அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எப்போதோ ஒருவர் இப்படித்தான் சாவியும் கையுமாக நின்றார். அவர் சொன்னதை அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

"அண்ணி, கீழ இறங்குங்க."

"ஏம்பா?"

"இறங்குங்க. ஒண்ணு காட்டணும்."

ஷெட்டின் கோடியில் கிடங்கு. மரத்தூணில் அடித்த கொக்கியில் அந்தக் கதவு தொங்கியது. வெளிர் பச்சை, கைப்பிடிக்கு அடியில் அண்ணியின் விரல்கள் பிடித்துப் பிடித்து வண்ணம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. அண்ணி பார்த்தவுடன் கண்டுகொண்டார். தன் விரல்களைக் கொண்டுபோய் அந்த வெள்ளையில் வைத்தார். சரியாகப் பொருந்தின.

"வண்டியைப் பிரிச்சுட்டோம் அண்ணி. நான்தான் பிரிச்சேன். அது அண்ணன் வண்டி இல்ல, வேற வண்டி. கதவைக் கோவத்துல விட்டுட்டாருன்னு நெனச்சேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல."

அண்ணி வாசல் பக்கம் திரும்பினார். வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"இதுல எதுல எல்லாம் இருக்காரு?" என்று கேட்டார்.

"எஞ்சின் அந்த நீலத்துல. இப்பப் போகுதே வெள்ளை, அதுல விளக்கு. கியர் சிவப்புல."

நீல வண்டி உறுமிக்கொண்டு திரும்புகிற வரை அண்ணி காது கொடுத்துக் கேட்டார். பிறகு கதவைப் பார்த்தார். "இதை யாரும் கேக்கலையா?"

"கீல் போனது அண்ணி. யாருக்கும் உதவாது."

"சரி பண்ணு."

"மாட்ட வண்டி இல்லையே."

"தெரியும். அவரு வண்டிக்காகவா காத்துட்டிருந்தாரு? பண்ணு."

கதவுக்காரர் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். அன்றைக்குச் சுவரோரம் இருந்த அதே பெட்டி. கதவைத் தரையில் கிடத்தி, தேய்ந்த பின்னைத் தட்டி வெளியே எடுத்தார். அகன்றுபோன ஓட்டைக்குள் பித்தளைக் குழல் ஒன்றை அடித்து இறக்கினார். கீலின் மறு பாதியைக் கிடங்கின் மரத்தூணில் திருகினார். மரக்கட்டையைத் தேடினார், காணவில்லை. அண்ணி குனிந்து, வழக்கமாகப் பிடிக்கிற இடத்தில் கையைக் கொடுத்துக் கதவைத் தூக்கிப் பிடித்தார்.

"பாரமா இருந்தா சொல்லுங்க."

"இதைத் தூக்காத நாளா? நீ பின்னை இறக்கு."

இறக்கினார். இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு.

"விடுங்க அண்ணி. போதும்."

"விழுந்துரும்."

"விழாது."

அண்ணி கையை எடுத்தார். கதவு தூணில் நேராக நின்றது. இருந்தாலும் அவர் கை கொஞ்ச நேரம் அடியிலேயே காற்றில் நின்றது.

கதவுக்காரர் சுண்டுவிரலால் தள்ளினார். அது லேசாக, சத்தமே இல்லாமல், தூணைச் சுற்றிப் போய் வெறும் வெளியில் நின்றது. அதைத் தாங்கிப் பிடித்து 'டப்' என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. அவர் விரலை மடக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் அண்ணன் நின்ற கடைசி மேடை இருந்த பக்கமாகத் திரும்பினார். அங்கே சுவர்தான் இருந்தது.